கடைசி பஸ்ஸும் கலைந்த கூட்டமும்

கிளிநொச்சியில் நடைபெற்ற இலக்கியக் கூட்டம் ஒன்றிற்குச் சில காலத்துக்கு முன் சென்றிருந்தேன். பேச்சாளர் தம் பொருளின் உயிர்நிலைக்கு வந்து சேர்ந்த வேளையிலே, பின்வரிசை மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்தனர். அது அவமதிப்பன்று; அவர்களுடைய ஊர்களுக்குச் செல்லும் கடைசி பஸ் புறப்படும் நேரம் அது. ஆசிரியை ஒருவர் என்னிடம், "மிச்சத்தை எழுதிப் போடுங்கோ ஐயா, வாசிக்கிறம்" என்று சொல்லிவிட்டு விரைந்தார். எஞ்சிய பேச்சைப் பெரும்பாலும் வெறும் நாற்காலிகளே கேட்டன.

அன்று தொட்டு என் உள்ளத்தை ஒரு கேள்வி வருத்திவருகின்றது. ஒரு நகரத்தின் அறிவு வாழ்வு, அதன் புறத்தே வாழ்வோர் எத்தனை மணிவரை அங்கே தங்கமுடியும் என்பதையும் பொறுத்ததன்றோ?

மாநகரங்கள் இவ்வுண்மையை முன்னரே உணர்ந்தன. 1863ஆம் ஆண்டு இலண்டனில் பாடிங்டனிலிருந்து ஃபரிங்டன் வரை ஓடத் தொடங்கிய மெற்றோபொலிற்றன் பாதையின் நீளம் ஏறத்தாழ ஆறு கிலோமீற்றரே. அக்குறும்பாதையின் பெயரே சுருங்கி, இன்று உலகெங்கும் 'மெற்றோ' என வழங்குகின்றது. சென்னையிலும் 2015 ஜூன் மாதத்தில் மெற்றோ தொடங்கியபோது, கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடைப்பட்ட சுமார் பத்துக் கிலோமீற்றரே அதன் எல்லை. தூரம் சிறிது, ஆயினும் வண்டி அடிக்கடி வரும், அடிக்கடி நிற்கும். அதன் பெருமை வேகத்தில் மட்டுமன்று, நிற்பதிலும் இருக்கின்றது.

வன்னிக்குக் கிடைத்த புகையிரதமோ வேறு நோக்கத்துடன் பிறந்தது. 1905ஆம் ஆண்டு கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்த பாதை, வன்னிக் காட்டை ஊடறுத்துச் சென்றது. இரு முனைகளுக்காக இடப்பட்ட பாதை அது. வன்னி அதற்கு இடைவழி. 1956இல் வந்த யாழ்தேவியும் அவ்வாறே. 1990இல் வவுனியாவுக்கு வடக்கே வண்டிகள் நின்றன. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. பின்னர் 2011இல் ஓமந்தைக்கும், 2013இல் கிளிநொச்சிக்கும், 2014இல் பளைக்கும் யாழ்ப்பாணத்துக்குமாகப் புகையிரதம் மீண்டது. புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, பரந்தன் எனச் சிறு நிலையங்களும் புதுக்கோலம் பூண்டன. நிலையங்கள் எழுந்துவிட்டன, ஆனால் அவற்றைத் தன் வாசலாகக் கொண்டு நாள்தோறும் போய்வரும் குறுந்தூரப் பயணியை மனத்திற்கொண்டு கால அட்டவணை எழுதப்படவேண்டாமா?

இது வெறுங்கனவன்று. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு நாட்டை முடக்கியபோது, 'யாழ் ராணி' என்னும் வண்டி கிளிநொச்சிப் பக்கத்தையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்து ஓடத் தொடங்கியது. அலுவலரும் ஆசிரியரும் அதில் ஏறி வேலைக்குச் சென்றனர். நெருக்கடி வந்தபோது செய்யக்கூடியதாயிருந்த ஒன்று, நெருக்கடி தீர்ந்த பின்னும் செய்யத்தக்கதே.

வன்னியின் சனத்தொகைக்கு மெற்றோ எதற்கு என்று கேட்பார் உளர். அவர்கள் கூற்று நியாயமானது. மேம்பாலமும் சுரங்கமும் இங்கு வேண்டியதில்லை. யான் வேண்டுவது இரண்டு மூன்று பெட்டிகள் கொண்ட சிறு வண்டியொன்று. வவுனியாவுக்கும் பளைக்கும் இடையே காலையில் ஒருமுறையும், இரவு எட்டு மணியளவில் ஒருமுறையும் போய்வந்தாற் போதும். பாதை ஒற்றைப் பாதையாதலின், எதிர்வரும் வண்டிக்கு நிலையங்களிலே வழிவிட்டே ஓடவேண்டும். அது கால அட்டவணையைத் திருத்தும் வேலை. புதிய பாதை இடும் வேலையன்று.

முல்லைத்தீவுக்குத் தண்டவாளமே இல்லை. மாங்குளத்திலிருந்து அந்நகருக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர். வண்டி வரும்வரை மாங்குளத்தில் ஒரு பஸ் காத்திருக்குமாயின், அதுவே முல்லைத்தீவின் கிளைப்பாதை. பஸ்ஸும் புகையிரதமும் ஒன்றையொன்று பாராமல் ஓடுவதை நிறுத்த, அதிகாரிகள் ஒரு மேசையில் அமர்ந்தாற் போதுமே!

வருவாய் குறையும் என்பர். குறையலாம். ஆனால் அறிவியல்நகரில் பொறியியலும் வேளாண்மையும் பயிலும் மாணவரும், பாடசாலை மணி அடித்தவுடன் பஸ்ஸுக்கு ஓடும் ஆசிரியரும், மாலை வகுப்புக்கு வரவியலாத கிராமத்துப் பிள்ளையும் இழப்பவற்றை எந்தக் கணக்கேட்டில் எழுதுவது?

வடக்கின் இலக்கிய சங்கங்களும் ஆசிரியர் அமைப்புகளும் இக்கோரிக்கையைத் தமதாக்கிக்கொள்ளல் வேண்டும். நூல் வெளியிடுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை; கேட்போர் இறுதிவரை இருந்து கேட்க வழிசெய்வதும் இலக்கியப் பணியே. அந்த ஆசிரியைக்கு நான் இன்னும் 'மிச்சத்தை' எழுதி அனுப்பவில்லை. அடுத்த கூட்டத்தில் அவர் அமர்ந்திருந்தே அதனைக் கேட்கவேண்டும் என்பது என் ஆசை.