மணவாட்டி மீட்பர் அல்லள்

தியானப் பகுதி: 1 கொரிந்தியர் 7:16



நம் இளம்பெண்கள் விரும்பி வாசிக்கும் ஆங்கிலக் காதல் நாவல்களில் ஒரு வகை, 1811 முதல் 1820 வரையிலான ரீஜென்சி காலத்தைக் களமாகக் கொண்டது. நம் புதுச்சேரியே 1816 வரை ஆங்கிலேயர் வசம் இருந்த காலம் அது. கதை பெரும்பாலும் ஒன்றுதான். குடியிலும் சூதிலும் வேசித்தனத்திலும் திளைக்கும் ஒரு சீமானை நற்குணமுள்ள சீமாட்டி நேசிக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் அவன் உத்தமக் கணவனாகிவிடுகிறான்.

கதை வாசிப்பதே பாவம் என்று நான் சொல்லேன். 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்னும் முதல் தமிழ் நாவலை வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவரே. ஆனால் இச்சீமான் கதை ஓர் உபதேசத்தைச் சுமந்து வருகிறது: பெண்ணின் அன்பு துன்மார்க்கனை மனந்திருப்பும் என்பதே அது. அந்த உபதேசம் பொய்.

ஆங்கில நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சன் 1740இல் எழுதிய 'பமீலா'வில், தன்னைக் கெடுக்க முயன்ற எஜமானனையே வேலைக்காரப் பெண் திருத்தி மணக்கிறாள். அவரே 1748இல் முடித்த 'கிளாரிஸா'வில் நாயகி தன்னைக் கெடுத்தவனை மணக்க மறுத்து மரிக்கிறாள். மணத்தில் முடிக்கும்படி வாசகர்கள் மன்றாடியும் அவர் இணங்கவில்லை. திருந்திய காமுகனே சிறந்த கணவன் என்னும் எண்ணம் ஆபத்தானது என்று முன்னுரையிலேயே எச்சரித்தார்.

மகளின் கையிலிருந்து இந்நாவலைப் பிடுங்கும் பெற்றோரே, உங்களிடமும் ஒரு கேள்வி. குடிக்கு அடிமையான மகனுக்கு, "ஒரு கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான்" என்று பெண் தேடுகிறீர்களே, அது எந்த நாவல்? மகள் தன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உறங்கலாம். உங்கள் மருமகளோ உங்கள் கதைக்குள்ளேயே விடிய விடிய விழித்திருக்க வேண்டும். அவன் திருந்தாவிட்டால் பழியும் அவள்மேல்தான்.

மனைவியானவள் தன் புருஷனை இரட்சிப்பாளோ என்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று பவுல் கேட்கிறார். ஏற்கெனவே மணமானவர்களுக்கே அவர் அந்த உறுதியை அளிக்கவில்லை. மணமாகாதவளுக்கு நாம் அளிப்பது எங்ஙனம்? கெட்டுப்போன இளைய குமாரனை மீட்க, தகப்பன் ஒரு பெண்ணைப் பன்றிகள் மேயும் வயலுக்கு அனுப்பவில்லை. அவனுக்குப் புத்தி தெளிந்தது. அவனே எழுந்து வந்தான். புதிய இருதயத்தைத் தருகிறவர் தேவன் ஒருவரே. அவருடைய வேலையை ஒரு மணமகளின் தோளில் ஏற்றுவது அவளுக்குச் செய்யும் அநீதி. மீட்பருக்குச் செய்யும் அவமரியாதை.

மனந்திரும்புதலுக்குக் கனிகள் உண்டு. அக்கனிகளைத் திருமணத்திற்கு முன்பே கேளுங்கள். சகோதரிகளே, அவற்றைக் காணாமல் மறுப்பது அன்பின்மை அன்று, ஞானம்.

கர்த்தர் தாமே நம் பிள்ளைகளைக் காப்பாராக. ஆமென்.