வலைக்கு அடியில் ஒளிந்திருப்பவர்களுக்கு: தென்கரையின் கோரிக்கைச் சாசனம்

இந்தியா, பாகிஸ்தான், சீனா, இலங்கை, மொரீசியஸ் அரசுகளுக்கும், இந்துமாக்கடலில் போர்க்கப்பல் ஓட்டும் அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு, ஆஸ்திரேலிய அரசுகளுக்கும், தூத்துக்குடி முதல் தூத்தூர் வரை கடல்தொழில் பார்க்கும் நாங்கள் எழுதுவது.

2024 நவம்பர் 21 அன்று கோவாவுக்கு வடமேற்கே சுமார் 70 கடல் மைல் தள்ளி, 13 பேரோடு தொழிலில் இருந்த மார்த்தோமா என்ற மீன்பிடிப் படகும் இந்தியக் கடற்படையின் நீர்மூழ்கி ஒன்றும் மோதிக்கொண்டன. 11 பேரை மீட்டார்கள். 2 பேர் உயிரோடு வீடு திரும்பவில்லை. தப்பு யார் பக்கம் என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை, அதற்கு விசாரணை இருக்கிறது. வலை கிடக்கும் இடத்துக்கு அடியில் நீர்மூழ்கி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் படகுக்காரனிடம் எந்த வழியும் கிடையாது என்பதைத்தான் சொல்ல வந்தோம். அன்று மோதியது டீசலும் மின்கலமும் கொண்டு ஓடுவது. அணு உலையில் ஓடி, அணுகுண்டு ஏவுகணையைச் சுமந்து திரிபவையும் இந்துமாக்கடலில் இருக்கின்றன.

அணு ஆயுதம் டெல்லியில் பேசுகிற விஷயம், கரைக்காரனுக்கு அதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறோம். இந்தியாவின் அணுசக்தி நீர்மூழ்கி அரிஹந்த் 2009-இல் விசாகப்பட்டினத்தில் நீரில் இறங்கியது. அதற்கான அணு உலையின் முன்மாதிரியை நம் கல்பாக்கத்தில்தான் கட்டி ஓட்டிப் பார்த்தார்கள். நீருக்குள் இருக்கும் நீர்மூழ்கிக்குச் சேதி அனுப்ப மிகத் தாழ்ந்த அலைவரிசை வேண்டும். அதற்கான ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் 1990 முதல் நாங்குநேரிப் பக்கம் விஜயநாராயணத்தில் இயங்குகிறது. நாளைக்குச் சண்டை என்று வந்தால் எதிரியின் வரைபடத்தில் முதலில் வட்டம் போடப்படும் ஊர்களில் அதுவும் ஒன்று. இதைப் புரிந்துகொள்ள இராணுவக் கல்லூரியில் படித்திருக்க வேண்டியதில்லை.

நாங்கள் நாட்டுக்கு எதிரிகள் இல்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கடற்படையிலும் கடலோரக் காவல்படையிலும் இருக்கிறார்கள். புயலில் மாட்டிக்கொண்டால் எங்களைத் தேடி வருவதும் அவர்கள்தான். அதனாலேயே இந்தச் சாசனத்தை எழுத எங்களுக்கு உரிமை கூடுதல் என்று நினைக்கிறோம்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று விளக்க வேண்டும். அரிஹந்தில் முதலில் வைத்த கே-15 ஏவுகணை சுமார் 750 கிலோமீட்டர் போகும். அப்படியானால் குறி வைக்கும் நாட்டின் கரைக்கு அருகே நீர்மூழ்கி போயாக வேண்டும். அடுத்து வந்த கே-4 சுமார் 3,500 கிலோமீட்டர் போகும். 2024 ஆகஸ்டில் அரிகாத் என்ற இரண்டாவது நீர்மூழ்கி படையில் சேர்ந்தது. அந்த நவம்பரில் அதிலிருந்து கே-4 ஏவிப் பார்த்தார்கள். ஏவுகணையின் தூரம் கூடக் கூட நீர்மூழ்கி வீட்டுக்கு அருகிலேயே பதுங்கிக்கொள்ளலாம். வங்கக் கடலும் பதுங்குவதற்குத் தோதானது. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொட்டும் நன்னீர் உப்பு நீரின் மேல் அடுக்காக நிற்பதால், நீருக்குள் ஒலி நேராகப் போகாமல் வளைந்துவிடுகிறது. பெரும்பாலும் ஒலியை வைத்துத்தான் நீர்மூழ்கியைத் தேடுவார்கள். ஒளிகிறவன் இங்கே ஒளிந்தால், தேடுகிறவனும் இங்கேதான் வருவான். கடலடியை அளக்கும் ஆய்வுக் கப்பல்களும், வேவு பார்க்கும் விமானங்களும், பெயர் சொல்லாத பிற நாட்டு நீர்மூழ்கிகளும் வரும். இந்தக் கண்ணாமூச்சி நடக்கும் கடல்தான் நாங்கள் சூரைக்கும் சுறாவுக்கும் தூண்டில் போடும் கடல்.

2024-இல் உலக நாடுகள் இராணுவத்துக்குச் செலவிட்டது 2,71,800 கோடி டாலர். 2025 தொடக்கத்தில் உலகில் இருந்த அணுகுண்டுகள் 12,241. அவற்றில் சீனாவிடம் சுமார் 600, இந்தியாவிடம் 180, பாகிஸ்தானிடம் 170. இவை ஸ்டாக்ஹோம் சர்வதேச சமாதான ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. எங்கள் கணக்கு சிறியது. 2012 பிப்ரவரியில் கேரளக் கடலில் இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் இருந்த கடற்படை வீரர்கள் எங்கள் தொழிலாளிகள் 2 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதில் ஒருவர் குமரி மாவட்டத்துப் பையன். அதே ஆண்டு ஜூலையில் துபாய்க்கு அருகே அமெரிக்கக் கடற்படையின் எண்ணெய்க் கப்பலிலிருந்து ஒரு சிறு படகைச் சுட்டார்கள். இறந்தவர் இராமநாதபுரத்துக்காரர். முதல் வழக்கு சர்வதேசத் தீர்ப்பாயம் வரை போனது. வீரர்களை விசாரிக்கும் அதிகாரம் இந்தியாவுக்கு இல்லை என்று 2020-இல் அது சொன்னது. 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு 2021-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை மூடியது. கடலில் ஆயுதம் கூடினால் குண்டு யார் மேல் விழும் என்பது எங்களுக்குப் பழகிய பாடம்.

இனிக் கோரிக்கைகள்.

முதலாவது, லாகூரில் கொடுத்த வாக்கை நிறைவேற்றுங்கள். 1999 பிப்ரவரி 21 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் கையெழுத்திட்ட புரிந்துணர்வில் பல உறுதிமொழிகள் இருந்தன. ஏவுகணைச் சோதனைக்கு முன் தகவல் சொல்வது என்றார்கள். 2005-இல் உடன்படிக்கை ஆனது. அணு ஆயுத விபத்து நடந்தால் தெரிவிப்பது என்றார்கள். 2007-இல் அதுவும் ஆனது. கடலில் கப்பல்களும் விமானங்களும் உரசிக்கொள்ளாமல் தடுக்க ஓர் உடன்படிக்கை என்றார்கள். அது மட்டும் இன்றுவரை ஆகவில்லை. இரு நாட்டுப் போர்க்கப்பல்களும் 3 கடல் மைல் தள்ளி நிற்க வேண்டும் என்று 1991 உடன்படிக்கையில் ஒரு வரி இருக்கிறது. இருந்தும் 2011-இல் ஏடன் வளைகுடாப் பக்கம் பி.என்.எஸ். பாபரும் ஐ.என்.எஸ். கோதாவரியும் உரசிக்கொண்டன, இரண்டு அரசும் ஒன்றன்மேல் ஒன்று பழி போட்டன. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் குடுமிப்பிடிச் சண்டையில் இருந்த 1972-லேயே இப்படி ஓர் உடன்படிக்கை போட்டு, ஆண்டுதோறும் இரு நாட்டுக் கடற்படை அதிகாரிகளும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் வழக்கத்தை உண்டாக்கினார்கள். நம்மால் ஏன் முடியவில்லை?

இங்கே ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் இரண்டு பட்டியல்களை மாற்றிக்கொள்கின்றன. ஒன்று, தாக்கக் கூடாத அணு நிலையங்களின் பட்டியல். மற்றொன்று, சிறையில் கிடக்கும் கைதிகள், மீனவர்களின் பட்டியல். போர் மூட்டத்திலும் இந்தப் பழக்கம் நின்றுபோனதில்லை. பேச முடியாது என்று சொல்கிறவர்கள் அந்தத் தேதியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, எங்களுக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நீர்மூழ்கி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அது நீர்மூழ்கியே இல்லை, அது எங்களுக்கும் தெரியும். அதை நாங்கள் கேட்கவில்லை. பயிற்சி நடக்கும் பகுதியையும், ஏவுகணைச் சோதனைக்கு மூடப்படும் கடலையும், நேரத்தையும் சொல்லச் சொல்கிறோம். 1990-இல் ஸ்காட்லாந்தின் கிளைடு கடலில் பிரிட்டனின் அணுசக்தி நீர்மூழ்கி ஒன்று அன்டாரஸ் என்ற மீன்பிடிப் படகின் வலையில் சிக்கி, படகை இழுத்துக்கொண்டு போனது. படகிலிருந்த 4 பேரும் இறந்தார்கள். 2001-இல் ஹவாய் அருகே அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று திடீரென்று மேலே வந்து, எஹிமே மாரு என்ற ஜப்பானிய மீன்வளப் பள்ளிக் கப்பலை உடைத்தது. 9 பேர் இறந்தார்கள், அவர்களில் மாணவர்களும் உண்டு. ஸ்காட்லாந்துக் கடலில் நீர்மூழ்கிகள் பயிற்சி செய்யும் பகுதிகளை மீனவர்களுக்கு வானொலியில் அறிவிக்கும் முறை இருக்கிறது. பிரிட்டனின் அணுகுண்டு நீர்மூழ்கிகள் நிற்கும் தளமும் அந்தக் கடலோரத்தில்தான் இருக்கிறது. அறிவித்ததால் அவர்கள் பாதுகாப்பு குலைந்துவிடவில்லை.

அறிவிப்பு தமிழில் வர வேண்டும். ஆங்கிலத்தில், சிறு படகில் இல்லாத கருவியில் வரும் எச்சரிக்கை எங்களுக்கு எச்சரிக்கை ஆகாது. வி.எச்.எஃப்.-இல் சொல்லுங்கள். துறைமுகத்தில் எழுதிப் போடுங்கள். கோயில் மைக்கில் சொல்லச் சொல்லி ஊருக்கு அனுப்புங்கள், ஐந்து நிமிஷத்தில் கரை முழுக்கத் தெரிந்துவிடும். மீன்பிடியில் இருக்கும் படகுக்கு எஞ்சினில் ஓடும் கப்பல் வழிவிட வேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதி. மேலே வரும் நீர்மூழ்கியும் எஞ்சினில் ஓடும் கப்பல்தான்.

மூன்றாவது கோரிக்கை குண்டைப் பற்றியது. 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்தபோது, அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே 23 ஜப்பானிய மீனவர்கள் சூரை பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சாம்பல் அவர்கள் மேல் கொட்டியது. எல்லோருக்கும் கதிர்வீச்சு நோய் கண்டது. கப்பலின் வானொலிக்காரர் அந்தச் செப்டம்பரில் இறந்தார். அவர்கள் கொண்டுவந்த மீனைச் சந்தையில் புதைத்தார்கள். ஊர் ஊராக மீன் விற்பனை படுத்தது. குண்டு வெடிக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. 1989-இல் நார்வே கடலில் மூழ்கிய சோவியத் நீர்மூழ்கி கொம்சோமோலெட்ஸ், அணுகுண்டு பொருத்திய 2 டார்பிடோக்களோடு சுமார் 1,680 மீட்டர் ஆழத்தில் இன்னும் கிடக்கிறது. அதிலிருந்து கதிர்வீச்சுப் பொருள் கசிவதை நார்வே அளந்து வருகிறது. நம் கடலில் அப்படி ஒன்று நடந்தால் சூரை யார் வாங்குவார்கள்?

இந்தியா வெகுகாலம் குண்டைத் தனியாகவும் ஏவுகணையைத் தனியாகவும் வைத்திருந்தது. அது நல்ல பழக்கம். நீர்மூழ்கியில் அது நடவாது. கடலுக்குப் போனால் இரண்டும் பூட்டித்தான் போக வேண்டும். ஆகவே சமாதான காலத்தில் குண்டு பொருத்திய ஏவுகணையோடு நீர்மூழ்கியை ரோந்து அனுப்புவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறோம். பாகிஸ்தான் 2017-இல் பாபர்-3 ஏவுகணையை நீருக்குள்ளிருந்து ஏவிச் சோதித்திருக்கிறது. இன்னும் கை மீறவில்லை. முதலில் அணுகுண்டு போடமாட்டோம் என்று சீனா 1964 முதல் சொல்லிவருகிறது. இந்தியா 2003-இல் அதைக் கொள்கையாக வெளியிட்டது. இரண்டு பேரும் தனித்தனியே சொல்வதை ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட ஒருவருக்கும் ஒரு நட்டமும் இல்லை. பாகிஸ்தான் இதுவரை அதைக் கொள்கையாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

நான்காவது, கொழும்புக்கு. இந்துமாக்கடலை அமைதி மண்டலமாக அறிவிக்க வேண்டும் என்று ஐ.நா.வில் எழுந்து கேட்டது சிறிமாவோ பண்டாரநாயக்கவின் இலங்கை. 1971 டிசம்பர் 16 அன்று 61 நாடுகள் ஆதரிக்க, 55 நாடுகள் ஒதுங்கி நிற்க, எதிர்ப்பு இல்லாமல் தீர்மானம் நிறைவேறியது. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததும் அன்றுதான். அணுசக்தியில் ஓடும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் என்டர்பிரைஸ் அப்போது வங்கக் கடலுக்குள் வந்திருந்தது. அந்த இலங்கை 2014-இல் சீன நீர்மூழ்கியைக் கொழும்பில் நிறுத்த விட்டது. 2017-இல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. 2022-இல் யுவான் வாங் 5 என்ற சீனக் கப்பல் அங்கே வந்தது. ஆனாலும் 2023-இல் அணு ஆயுதத் தடை உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்திருக்கிறது. இந்தியா அதில் இன்னும் சேரவில்லை, அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இலங்கையிடம் கேட்பது இது: அணு ஆயுதம் தாங்கிய எந்த நாட்டுக் கப்பலும், இந்தியக் கப்பல் உட்பட, உங்கள் துறைமுகத்துக்குள் வராதபடி சட்டம் போடுங்கள். நியூசிலாந்து 1985-இல் அமெரிக்காவின் பியூக்கனன் கப்பல் வர அனுமதி மறுத்து, 1987-இல் சட்டமே கொண்டுவந்தது. அமெரிக்கா முறைத்துக்கொண்டது. 2016-இல் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டே அமெரிக்கப் போர்க்கப்பல் அங்கே வந்துபோனது.

ஐந்தாவது, தியாகோ கார்சியா. அது இருக்கும் சாகோஸ் தீவுகளின் மக்களை 1968 முதல் 1973 வரை பிரிட்டன் வெளியேற்றியது, அமெரிக்கா அங்கே இராணுவத் தளம் கட்டியது. அந்தத் தீவுகளை மொரீசியஸிடமிருந்து பிரித்தது சட்டப்படி செல்லாது என்று 2019-இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. 2022 அக்டோபரில் டிரைடென்ட் அணு ஏவுகணை தாங்கும் அமெரிக்க நீர்மூழ்கி அங்கே வந்து நின்றது. கனடாவுக்குப் போகும் வழியில் 2021-இல் அங்கே கரை சேர்ந்த ஈழத்தமிழர்களைக் கம்பி வேலிக்குள் 3 ஆண்டுக்கு மேல் வைத்திருந்தார்கள். அது சட்டவிரோதம் என்று அந்தத் தீவுப் பகுதியின் நீதிமன்றமே 2024 டிசம்பரில் சொன்னது. அங்கே எல்லை தாண்டும் எங்கள் தூத்தூர்ப் படகுகளையும் பிடித்துவைக்கிறார்கள். ஆப்பிரிக்காவை அணு ஆயுதமற்ற பகுதியாக்கும் பெலிண்டாபா உடன்படிக்கையின் வரைபடத்துக்குள் சாகோஸ் இருக்கிறது. அது அந்தத் தீவுகளுக்கு முழுமையாகப் பொருந்த வேண்டும் என்று மொரீசியஸ் விடாமல் கேட்க வேண்டும். தளத்துக்கான குத்தகைப் பணத்துக்காக இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஆறாவது, 1981-இல் கொழும்பில் கூட்டுவதாக ஐ.நா. சொன்ன இந்துமாக்கடல் மாநாடு கூடவே இல்லை. அதைக் கூட்டுங்கள். கடல்தொழில் செய்கிறவர்களுக்கு அதில் நாற்காலி போடுங்கள்.

ஏப்ரல் 15 அன்று கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். ஜூன் 14 வரை 61 நாள் அங்குள்ள எங்கள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று அரசு சொன்னது, நாங்கள் கேட்கிறோம். அந்த 61 நாளும் நாங்கள் ஊரில்தான் இருப்போம். இந்தச் சாசனத்துக்குப் பதில் சொல்ல வருகிறவர்கள் அதில் எந்த நாளிலும் வரலாம்.