பாஸ், இது பாஸ் ராட் பாஸ்!

டிஸ்கி: மீன் பிடிக்கிறதே பாவம்னு நினைக்கிற மக்கள் இங்கேயே அப்பீட் ஆயிக்கலாம், தப்பா எடுத்துக்க மாட்டேன். மத்தவங்க உள்ளே வாங்க. கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் சூடான பதிவு.

சென்னையில ஒரு கடை. பேரு வேணாம். செஞ்சியில பஸ் ஏறி, திண்டிவனத்துல மாறி, வேர்க்க விறுவிறுக்கப் போய் நிக்கிறேன்.

"என்ன மீனுக்கு பாஸ்?"

"குரவை, ஜிலேபி. சின்னச் சின்ன ஜிக் போடணும். மூணு கிராம், நாலு கிராம்."

"அப்ப இதை எடுங்க பாஸ். பாஸ் ராட் பாஸ். எல்லாத்துக்கும் ஆகும். விராலே வந்தாலும் தாங்கும்."

கம்புல ஒரு மீன் வாயைப் பொளந்துக்கிட்டுத் துள்ளுற படம். அதுக்குக் கீழே பொடி எழுத்துல '14–42 கிராம், மீடியம் ஹெவி'ன்னு போட்டிருந்ததைப் படிக்கலை. படம் பார்த்தேன், பணம் கொடுத்தேன், வந்துட்டேன்.

அந்தக் கடைக்காரரைத் திட்ட இந்தப் பதிவு இல்லைங்க. அவர் யாவாரி, கையில இருக்கிறதை வித்தார். "எல்லாத்துக்கும் ஆகும்"னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, அதைத் தூண்டில் பிடிக்கிற நாமளே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டுத் திரியறோமே, அதைத் திட்டத்தான். புதுசா ஒரு பையன் வந்து கேட்டா, "மீடியம் ஹெவி எடுத்துக்கோ தம்பி, ஒடியாது"ன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றோம். லைட் ராடைக் கையில எடுத்தா "என்னா மாமே, தொடப்பக்குச்சியா?"ன்னு நக்கல் வேற. கெட்டிக் கம்புதான் ஆம்பளைக் கம்புன்னு யாரோ கெளப்பி விட்டுட்டாங்க.

முதல்ல இந்த 'பாஸ்' கதைக்கு வருவோம். பாஸ்ங்கிறது வட அமெரிக்கா மீன். நம்மூரு ஏரி, குளத்துல கிடையாது. முகத்துவாரத்துல பிடிபடுற கொடுவாயையும் கடல் பாஸ்னு சொல்லுவாங்க, அது வேற குடும்பம். 1932-ல ஜார்ஜியா மாநிலத்துல ஜார்ஜ் பெர்ரின்னு ஒருத்தர் பிடிச்ச 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன்தான் ரொம்ப வருஷம் சாதனையா இருந்துச்சு. 2009-ல ஜப்பான்ல பீவா ஏரியில குரிதாங்கிறவர் அதைச் சமன் பண்ணார். ஜப்பான்ல அது எப்படி வந்துச்சு? 1925-ல கொண்டுபோய் விட்டாங்க. பரவி, உள்ளூர் மீனையெல்லாம் தின்னு, 2005-ல சட்டம் போட்டுக் கட்டுப்படுத்துற நிலைமைக்கு வந்துச்சு. "நம்ம ஏரியிலயும் பாஸ் விட்டா எப்படி இருக்கும்"னு கனவு காணுற புண்ணியவான்கள் இதைக் கவனிக்கவும். 1952-ல நாம இறக்குமதி பண்ண ஜிலேபியே போதும், ஒவ்வொரு ஏரியா பட்டா போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கு.

ஆக, மீன் இங்கே இல்லை, ஆனா அதுக்கான கம்பு இங்கே விக்குது. அதுல தப்பில்லை. அவங்க சின்ன ஜிக்குக்கு யோசிச்சு வச்ச கணக்கு நம்ம குரவைக்கும் ஜிலேபிக்கும் அச்சு அசலாப் பொருந்தும். கணக்கை விட்டுட்டு ஸ்டிக்கரை மட்டும் வாங்கிட்டு வர்றோம் பாருங்க, அங்கேதான் கோளாறு.

ஏரித் தூண்டிலைப் பத்தி யோசிக்கிறது இந்த மண்ணுக்குப் புதுசும் இல்லை. மதராஸ் மாகாணத்துல அதிகாரியா இருந்த எச்.எஸ்.தாமஸ், 1873-ல இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பத்தி ஒரு புத்தகம் போட்டார். அதோட விடாம 1887-ல ஏரித் தூண்டிலுக்குன்னே தனியா இன்னொண்ணு போட்டார். மலை ஆத்துல பிடிக்கிறது வேற, ஏரியில பிடிக்கிறது வேறன்னு அந்த மனுஷனுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. நமக்கு இன்னும் எல்லாத்துக்கும் ஒரே கம்பு!

சரி, என் கதை.

ஞாயித்துக்கிழமை காலையில ஏரிக்கரை. தூரத்துல ராஜகிரி பனிமூட்டத்துல நிக்குது. பக்கத்துல எங்க மாமா, அதாவது அம்மாவோட தம்பி, மூங்கில் கழியோட உட்கார்ந்திருக்கார். தக்கை, ஒத்தை முள்ளு, கொட்டாங்கச்சியில மண்புழு. அவ்வளவுதான் அவர் சொத்து.

நான் புதுக் கம்பை விரிச்சு, 40 பவுண்டு பின்னல் நரம்புல 3.5 கிராம் ஜிக்கைக் கட்டி, வீராவேசமா வீசினேன். ஜிக்கு என் செருப்புக்குப் பத்தடி தள்ளி விழுந்துச்சு. மறுபடி வீசினேன். பன்னெண்டடி. மாமா திரும்பிப் பார்த்தார்.

"மாப்ள, கையால தூக்கிப் போட்டாலே இன்னும் கொஞ்சம் தூரம் போவுமே?"

ஏன் போகலைன்னா, எறியிறது கை இல்லைங்க, கம்பு. வீசும்போது ஜிக்கோட எடையில நுனி பின்னால வளையணும், வளைஞ்சது நிமிரும்போதுதான் ஜிக்கு பறக்கும். 14 கிராமுக்கு மேல இருந்தாத்தான் வளைவேன்னு அடம்பிடிக்கிற கம்புல மூணரை கிராமைக் கட்டினா, அதுக்கு ஒண்ணு தொங்குதுன்னே தெரியாது. உலக்கையை வச்சு வெத்தலை இடிக்கிற கதை. மாமாவோட மூங்கிலோ நுனி சன்னம், அடி கெட்டி. புழுவைப் பொத்துனாப்ல கொண்டுபோய் வைக்குது. ஃபாஸ்ட் ஆக்‌ஷன்னு கம்பெனிக்காரன் பளபளன்னு அச்சடிக்கிறானே, அதுவும் இதுதான்: நுனி வளையும், அடி நிக்கும்.

இதுலயும் ஒரு பெரிய குழப்பம் ஓடுது. பவர் வேற, ஆக்‌ஷன் வேற மக்களே. கம்பை வளைக்க எவ்வளவு பலம் வேணும்ங்கிறது பவர்: அல்ட்ரா லைட், லைட், மீடியம் லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி. எந்த இடத்துல வளையுதுங்கிறது ஆக்‌ஷன்: ஃபாஸ்ட்னா நுனிப்பக்கம், மாடரேட்னா நடுவரைக்கும். "ஃபாஸ்ட்னா கெட்டி"ன்னு சொல்றவரைப் பார்த்தா ஒரு கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க.

அடுத்த வாரம் நான் பண்ணதுதான் உண்மையான தப்பு. யாரோ ஒரு வீடியோவுல "சின்ன லூருக்குச் சன்ன நரம்பு போடணும்"னு சொன்னதைக் கேட்டு, கம்பை மாத்தாம நரம்பை மட்டும் மாத்தினேன். பளிச்சுனு பச்சை நிறத்துல 8 பவுண்டு பின்னல் நரம்பு. ஜிக்கு கொஞ்சம் தூரம் போச்சு, குரவை கடிச்சுது. விராலுக்கு இழுக்கிற மாதிரி ஒரு வெட்டு வெட்டினேன். டப்! கம்பு வளைஞ்சு கொடுக்கலைன்னா அதிர்ச்சி மொத்தமும் நரம்பு மேலதான் இறங்கும். ஒரு நாள்ல மூணு தடவை அத்துக்கிச்சு. நம்ம ஏரிகள்ல தண்ணிக்குள்ளயே கருவேல மரங்க நிக்குதே, அதுல சிக்கி நீளநீளமா நரம்பு அங்கேயே நின்னுபோச்சு. "போனா போவுது, பத்து ரூபா நரம்பு"ன்னு சுருட்டிக்கிட்டு வந்துட்டேன்.

அதுக்கடுத்த ஞாயிறு மாமா மூங்கிலைக்கூடப் பிரிக்கலை. கையைக் காட்டினார். கருவேலங்கிளையில ஒரு நீர்க்காகம் தலைகீழாத் தொங்குது. ஒரு ரெக்கை விரிஞ்சபடி நிக்குது. கால்ல சுத்தியிருந்தது பச்சை நரம்பு. அந்த ஏரியில அந்த நிறத்துல நரம்பு போட்டவன் நான் ஒருத்தன்தான்.

மாமா இடுப்பளவு தண்ணியில இறங்கி அதை அறுத்தார். கரையில வச்சுட்டு என்னைத் திட்டவே இல்லை. "மீனைப் பிடிச்சா திங்கிறோம் மாப்ள. இதை என்னா பண்றது?"ன்னு மட்டும் கேட்டார். இன்னி வரைக்கும் என்கிட்ட பதில் இல்லை.

"கம்பு எதுவா இருந்தா என்ன, மீன் விழுந்தா சரி"ன்னு யாராவது சொன்னா எனக்குச் சுர்ருங்கிறது இதனாலதான். கம்பு தப்பானா நரம்பு அறும். அறுந்த நரம்பு மக்காது, யாரையாவது பிடிச்சுக்கிட்டே இருக்கும். உங்க பர்ஸோட முடியிற விஷயம் இல்லைங்க இது.

திட்டிட்டேன், இப்ப வழியும் சொல்லணும்ல.

எடைக் கணக்கைத்தான் முதல்ல பாருங்க. ஒரு அவுன்ஸ் 28 கிராம் சொச்சம். கம்புல 1/16–3/8 அவுன்ஸ்னு இருந்தா, ஏறக்குறைய 1.8-லேர்ந்து 10.5 கிராம். நம்ம ஜிலேபி, குரவைக்கு இது போதும். ஜிக் எடையோட அதுல மாட்டுற ரப்பர் புழு எடையையும் சேர்த்துக் கூட்டணும். கொஞ்சம் தடிச்ச முள்ளு இருக்கிற பாஸ் ஜிக்கே போடுவேன்னா மீடியம் லைட், மிஞ்சினா மீடியம், 3.5–14 கிராம். ஆக்‌ஷன் ஃபாஸ்ட். நீளம் ஆறரை அடியிலேர்ந்து ஏழு அடி. மரம் அடைஞ்ச கரைன்னா ஆறரையே உத்தமம்.

ரீல், ஸ்பின்னிங் 2000 அல்லது 2500 சைஸ். இத்துனூண்டு எடையை பெய்ட்காஸ்டர்ல எறியிறேன்னு கிளம்பினா, பாதி நாள் நரம்புச் சிக்கெடுத்தே பொழுது சாயும்.

இனி சொல்றதைத் தயவுசெஞ்சு கேளுங்க. பின்னல் நரம்பு 10 பவுண்டுன்னா, நுனியில 6 பவுண்டு லீடர் கட்டுங்க. லீடர் எப்பவும் பலம் கம்மியா இருக்கணும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் பின்னல் நரம்புல அடிபட்ட இடம் இருக்கான்னு தடவிப் பார்த்து வெட்டிப் போடணும். அப்பத்தான் அத்துக்கிட்டாலும் பெரும்பாலும் நுனியில அறும், ஏரியில மிஞ்சுறது முழ நரம்பு. லீடர் தடியா, மெயின் சன்னமா இருந்தா நாப்பது அடி நரம்பை ஏரிக்குத் தானம் பண்ணிட்டு வரணும்.

"பெரிய மீன் வந்தா என்ன பண்ணுவே?"ன்னு கேக்குறவங்களுக்கு: ரீல்ல டிராக்னு ஒண்ணு வச்சிருக்கான் சார், அழகுக்கு இல்லை. 6 பவுண்டுன்னா 2.7 கிலோ இழுவை. அதுல மூணுல ஒரு பங்கு, முக்கால்லேர்ந்து ஒரு கிலோவுக்குள்ள டிராக்கை வைங்க. மீன் இழுத்தா ரீல் நரம்பைக் கொடுக்கும், கம்பு வளைஞ்சு அதிர்ச்சியை வாங்கிக்கும். வெட்டி இழுக்கவும் வேணாம், மணிக்கட்டை லேசாத் தூக்கினாலே சன்ன முள்ளு ஏறிடும்.

அதுக்காக லைட் ராடுதான் வேதம்னு நான் ஜல்லி அடிக்கலை. தாமரையும் கோரையும் மண்டின இடத்துல தவளை லூர் போட்டு விரால் பிடிக்கணுமா, அந்த மீடியம் ஹெவி, 40 பவுண்டு நரம்பு கண்டிப்பா வேணும். அங்கே சன்னக் கம்போட போறதும் அதே பாவம்தான். விரால் கொடிக்குள்ள புகுந்து நரம்பை அத்துக்கிட்டு, வாயில முள்ளோட திரியும். செவப்புக் குஞ்சுக் கூட்டத்தோட விரால் மேல வந்தா எந்தக் கம்பையும் வீசாதீங்க. தாய் தகப்பனைத் தூக்கிட்டா அந்தக் குஞ்சுங்க நாதியத்துப் போகும்.

அப்புறம் உயிர் சமாச்சாரம். கார்பன் கம்புல கரண்ட் பாயும். மோட்டார் கொட்டகைக்குப் போற ஒயரு நம்ம ஏரிக்கரையில எவ்வளவு தாழ்வாத் தொங்கும்னு உங்களுக்குச் சொல்லணுமா? ஏழு அடிக் கம்பைத் தூக்கிப் பிடிச்சா சுளுவா பன்னெண்டு அடிக்கு மேல போகும். வீசுறதுக்கு முன்னால மேலே பாருங்க. இடி மின்னல்னா கம்பை மடக்கிட்டுக் கிளம்புங்க. பஸ்ஸுல, பைக்குல போற நமக்கு ரெண்டு துண்டுக் கம்புதான் சரி, அதை வீட்டுலேர்ந்தே கோத்துத் தூக்கிக்கிட்டுப் போற பந்தா வேணாம். '40 டன் கார்பன்'னு சொல்லி விலையை ஏத்துவாங்க. விறைப்பு கூடக்கூட கார்பன் பொறுக்காது, கல்லுல ஒரு இடி வாங்கினா அடுத்த வளைவுல 'டிக்'. பழகுறவங்களுக்கு அந்த டன் எல்லாம் வீண் செலவு.

கோட்டைக்குள்ள செட்டிகுளத்துல போடலாமான்னு ஒரு தம்பி கேட்டார். வேணாம் தம்பி. தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கிற இடம். 2025 ஜூலையில யுனெஸ்கோ பட்டியல்ல ஏறின 12 கோட்டையில தமிழ்நாட்டுக்குன்னு இருக்கிறது நம்ம செஞ்சி ஒண்ணுதான், அங்கே போய் நாம முள்ளு வீசி மானத்தை வாங்க வேணாம். ஊர் ஏரின்னாலும் மீன்பாசி குத்தகை யாருன்னு விசாரிச்சு ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க. நமக்குப் பொழுதுபோக்கு, அவருக்கு அது போட்ட முதல்.

இப்ப என்கிட்ட இருக்கிறது ஏழு அடி மீடியம் லைட். பழைய கம்பை அம்மா ஒட்டடை அடிக்க வச்சிருக்காங்க. எல்லாத்துக்கும் ஆகும்னு கடைக்காரர் சொன்னது அந்த விதத்துல உண்மைதான் :-)

பையில ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கு. கரையில, கருவேலத்துல எவன் நரம்பு கிடந்தாலும் சுருட்டி அதுல போட்டுக்கிட்டுத்தான் வீட்டுக்கு வர்றேன். இதுவரைக்கும் மூணு டப்பா ரொம்பியிருக்கு. பச்சை நரம்பு இன்னும் அப்பப்ப கிடைக்குது.

"எல்லாத்துக்கும் ஆகும்"னு இனிமேலும் யாருக்காவது சொல்லணும்னு தோணிச்சுன்னா, ஒரு தடவை எங்க ஏரிக்கு வாங்க. மாமா மூங்கிலோட உட்கார்ந்திருப்பார். அவர்கிட்ட சொல்லிப் பாருங்க.