பரிசின் பார்வையும் தமிழகக் கற்பள்ளிகளும்

கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா வாழ்ந்த இல்லத்தில் செட்டிநாட்டுத் தூண்கள் இடம்பெற்றுள்ளன. அவருடைய வாழ்நாள் பணிக்காக 2001இல் ஆகா கான் கட்டடக்கலை விருதின் தலைவர் பரிசு வழங்கப்பெற்றது. செட்டிநாட்டுத் தச்சரின் கைத்திறன் அவ்விருதின் எல்லைக்குள் நுழைந்தது இவ்வாறு, பெயர் சுட்டப்பெறாமலேயே ஆகும்.

1977இல் நிறுவப்பெற்ற இவ்விருது, குவிமாடமும் மினாராவுமே இசுலாமியக் கட்டடக்கலை என்னும் எண்ணத்தைப் பெரிதும் தளர்த்தியது. 2016இல் பரிசு பெற்ற டாக்காவின் பைத்துர் ரவூஃப் பள்ளிவாசலில் இவ்விரண்டுமே இல்லை. செங்கல்லையும் கூரைத்துளைகளின் வழி இறங்கும் ஒளியையும் கொண்டே மரீனா தபசும் அதனை அமைத்தார். உலகம் இதனைப் புதுமை என வியந்தது. தமிழகத்திற்கோ இது புதிதன்று. கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் பழைய கற்பள்ளிகள் மண்டப அமைப்பின. தூண், போதிகை, உத்தரம், தட்டைக் கற்கூரை எனக் கோயில் கட்டிய சிற்பியர் மரபிலேயே எழுந்தவை. உருவங்களை விலக்கிப் பூவும் கொடியுமாகச் செதுக்கிய அவ்வுளிகளின் அடக்கம் தனி ஆய்வுக்குரியது. ஆனால், பரிசுக் களங்களில் குவிமாடத்தின் இன்றியமையாமை கேள்விக்குள்ளாகிவரும் இக்காலத்தில், நம் ஊர்களில் பழைய மண்டபங்களின் முன் சிமெண்டுக் குவிமாடங்கள் எழுகின்றன.

இதற்கு விருதைக் குறைகூறுவது பொருந்தாது. கட்டடக்கலைஞரோடு கொத்தர்களையும் கட்டுவித்தோரையும் மதிக்கும் வழக்கம் அதற்குண்டு. மக்கள் சுவையின் வெளிப்பாடான பாகிஸ்தானின் போங் பள்ளிவாசலுக்கும் 1986இல் பரிசளித்தது. எனினும் பரிந்துரை, வரைபடம், ஒளிப்படம், நேராய்வு அறிக்கை ஆகியவற்றின் வழியே நடுவரை அடையும் கட்டடமே பரிசு பெறுகிறது. அவ்வாவணங்களே பின்னர்ப் பாடமாகவும் முன்மாதிரியாகவும் மாறுகின்றன. ஆவணமற்ற மரபு இளம் கட்டடக்கலைஞரின் கண்ணில் படுவதில்லை.

தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை குறித்து மெஹர்தாத் ஷொகூஹி 2003இல் வெளியிட்ட ஆங்கில நூல் அரிய துணையே. ஆயினும் ஆங்கிலத்தில் போதிகை வெறும் தாங்கியாகிவிடுகிறது. சிற்பநூல்களோடும் கல்வெட்டுகளோடும் அச்சொல்லுக்குள்ள உறவு அறுபடுகிறது. இவ்விடத்தில்தான் தமிழ்த்துறைக்குப் பணி உண்டு. கல்வெட்டு வாசிப்பும் சிற்பியரின் வழக்குச் சொற்களும் அறிந்த ஆய்வாளர், கட்டடக்கலை மாணவருடன் இணைந்து ஒவ்வொரு கற்பள்ளிக்கும் உறுப்புப் பெயர்களுடன் கூடிய வரைபடம் உருவாக்குதல் வேண்டும். முனைவர் பட்டத் தலைப்பாக ஏற்கத் தக்க பணி இது. வண்ணப்பூச்சும் சிமெண்டுப் பூச்சும் இன்னும் மூடாத தூண்களிலிருந்து அதனைத் தொடங்கலாம்.