நீரறிந்து குழாய் இடுக

பாத்திரமறிந்து பிச்சையிடு என்பது பழமொழி. எந்திரங்களைக் குளிர்விக்கும் நீருக்குக் குழாய் அமைப்போர் அதனைச் சற்றே மாற்றி, நீரறிந்து குழாய் இடுக என்று மனத்திற் பதித்துக் கொள்ளல் வேண்டும். நம் கல்லூரி அன்னையின் புதல்வருள் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் மின்னிலையங்களிலும் பொருள் கொள்வனவுப் பகுதிகளிலும் கடமையாற்றுவோர் உளர். அவர்களை நோக்கியே இதனை எழுதுகின்றோம்.

கறையில் உருக்கு என்னும் பெயரே பலரை மயக்கிவிடுகின்றது. கறையில்லை, ஆகவே கேடுமில்லை என்று எண்ணிவிடுகின்றனர். உண்மை அதுவன்று. 1912, 1913ஆம் ஆண்டுகளில் சேர்மனியிலும் இங்கிலாந்தின் செபீல்டு நகரிலும் உருப்பெற்ற இவ்வுலோகத்தைக் காப்பது, அதிலுள்ள குரோமியம் ஒட்சிசனோடு கூடி மேற்பரப்பிற் படர்விக்கும் மிக மெல்லிய படலமேயாகும். படலம் கீறப்பட்டால் ஒட்சிசன் உள்ளவிடத்துத் தானே மீண்டும் தோன்றும். ஆனால் நீரிற் கரைந்துள்ள குளோரைட்டு அப்படலத்தை ஓரிடத்தில் ஊடறுத்துவிடுமாயின், அங்கே தோன்றும் சிறு குழியினுள் அமிலமும் குளோரைட்டும் செறிகின்றன. குழி தன்னைத் தானே ஆழப்படுத்திக்கொள்கின்றது. வெளியே பளபளப்புக் குன்றாது. உள்ளே குழாய் துளைபட்டுவிடும். யானை உண்ட விளாங்கனி என்பதற்கு இதனினும் ஏற்ற எடுத்துக்காட்டு வேறில்லை.

நம் நாட்டிலேயே இருவேறு நீர்களைக் காணலாம். மலைநாட்டு நீரால் மின்னாக்கலாமென 1918இல் ஆய்வுரை வழங்கியவர் பொறியியலாளர் விமலசுரேந்திரா. அக்கனவு 1950இல் லக்சபானவில் நனவாயிற்று. பின்னர் கெகெல்கமு ஓயாவையும் மஸ்கெலி ஓயாவையும் மறித்துக் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் எழுந்தன. 1965இல் அவர் பெயர் தாங்கிய நிலையமும், 1969இல் பொல்பிட்டியவும், 1974இல் புதிய லக்சபானவும் இயங்கத் தொடங்கின. சுழலிகளைச் சுழற்றும் இந்த ஆற்றுநீர் கடும்பாறைகளின்மேல் வழிந்து வருவது. உப்பு மிகக் குறைந்தது. தோட்டத்துப் பீலியில் விழும் நீரும் அத்தகையதே. மறுபுறத்தே, மேற்குக் கரையிலுள்ள நுரைச்சோலை அனல்மின் நிலையம் கடல்நீராற் குளிர்விக்கப்படுகின்றது. கடல்நீரின் ஓர் இலீற்றரில் ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைட்டு உண்டு. ஒரே மின்வலையிற் சேரும் இவ்விரு நிலையங்களுக்கும் ஒரே உலோகம் எங்ஙனம் பொருந்தும்?

பொறியியலார் கைக்கொள்ளும் பொது அளவு ஒன்றுண்டு. நூற்றுக்குப் பதினெட்டு அளவில் குரோமியமும் எட்டு அளவில் நிக்கலும் கொண்ட 304 வகை, சாதாரண வெப்பநிலையில் இலீற்றருக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம் குளோரைட்டு வரை தாங்கும். இரண்டு முதல் மூன்று பங்கு மொலிப்டினம் கூடுதலாகச் சேர்ந்த 316 வகை ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் வரை தாங்கும். கடல்நீருக்கு இரண்டும் போதா. அதற்குத் தைத்தேனியமோ, மிகுந்த கலப்புடைய உருக்கு வகைகளோ வேண்டும். இவ்வெல்லைகள் வழிகாட்டுவன, வேதவாக்கல்ல. வெப்பம் ஏற ஏற அவை சுருங்கும். ஏறத்தாழ 60 பாகை செல்சியசைக் கடந்தால், இழுவிசைக்கு உட்பட்ட உலோகம் குளோரைட்டால் வெடிப்புறவுங் கூடும்.

அவ்வாறாயின் மலைநாட்டார்க்குக் கவலையில்லை என்று கூறலாமோ? கூறலாகாது. ஓடிவரும் ஆற்றுநீர் ஒருமுறை சென்று வெளியேறுமிடத்து 304 தாராளமாகப் போதும். அங்கே 316 கேட்பது பணத்தை வீணாக்குவதே. ஆனால் நீரை மீண்டும் மீண்டும் சுழலவிடும் குளிர்விப்புக் கோபுரத்தில், ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு எஞ்சுகின்றது. நீர் ஐந்து மடங்கு செறிந்தால், 10 மில்லிகிராம் 50 ஆகும். அது பொறுக்கத்தக்கது. 100 மில்லிகிராம் உடைய கிணற்றுநீரோ 500 ஆகி 304இன் எல்லையைக் கடந்துவிடும். பாசியை அழிக்க வெளிற்றுந்தூளை அளவின்றி இடுவதும், கொதிகலன் நீரை மென்மையாக்கும் கலத்தைக் கழுவிய உப்புநீரை அதே குழாயில் விடுவதும், அழுத்தச் சோதனை முடிந்த நீரை வாரக்கணக்கில் குழாயிலேயே தேங்கவிடுவதும் நன்னீரையும் நஞ்சாக்கும் செயல்களாம். மழைக்காலச் சேறு படிந்தவிடத்து ஒட்சிசன் அருகிப்போவதால் படலமும் புதுப்பிக்கப்படாது. ஆதலின் நீரை வினாடிக்கு ஒரு மீற்றருக்குக் குறையாது ஓடவிடுதலும், பற்றவைத்த மூட்டுகளில் எஞ்சிய கருமையை அகற்றுதலும் இன்றியமையாதன.

இஃது இரும்புக் கடைக் கணக்கன்றோ என்று சிலர் நகைக்கலாம். மின்தடையின்போது தொழிற்சாலையைக் காப்பது டீசல் மின்பிறப்பாக்கி. அதன் குளிர்நீர்க் குழாய் ஒழுகினால் அதுவும் நின்றுவிடும். கொய்த கொழுந்து காத்திராது. அரைத்த தேயிலை புளிப்பதற்கு மணிக்கணக்கே உண்டு, நாட்கணக்கில்லை. பனியிலும் மழையிலும் மலைச்சரிவேறிப் பெண்கள் பறித்த கொழுந்து, ஊசித்துளை அளவான ஒரு குழியினால் தரமிழக்கின்றது. குழாயில் மீதப்படுத்திய பணத்தை, அதனைத் தெரிந்தெடுப்பதிற் பங்கே இல்லாதோர் தம் உழைப்பின் பயனை இழந்து ஈடுசெய்கின்றனர். இது நீதியாகுமா?

கேள்விப்பத்திரங்களுள் விலை குறைந்ததையே ஏற்கும் வழக்கம் மட்டுமே இதற்குக் காரணமென நாம் கூறமாட்டோம். விலை உயர்ந்ததை வாங்கிவிட்டோம், இனி அச்சமில்லை என்னும் மனப்பான்மையும் அதே அறியாமையின் மறுபக்கமே. நாம் வேண்டுவது ஒன்றே. குழாய்க்குக் கட்டளையிடுமுன், வறட்சிக் காலத்து நீரையும் மாரிக்காலத்து நீரையும் சோதித்த அறிக்கை ஒன்று கோப்பில் இருத்தல் வேண்டும். அதிற் குளோரைட்டின் அளவும், செறிவு எத்தனை மடங்கு என்பதும், குழாய்ச்சுவரின் உச்ச வெப்பநிலையும் குறிக்கப்படல் வேண்டும். அவ்வறிக்கையின்றி வரும் எந்தச் சிட்டையிலும் நம் பழைய மாணவர் எவரும் கையொப்பமிடலாகாது. சோதனைக்காகும் செலவு ஒரு முழக் குழாயின் விலைக்கு மேற்படாது.

கல்லூரி நமக்கு ஊட்டிய இரசாயனம் தேர்வுத் தாளோடு முடிவதற்கன்று. வெள்ளி நைத்திரேற்றுத் துளி விழுந்ததும் நீர் வெண்மையாகக் கலங்கியதை ஆய்வுகூடத்திற் கண்டவர்கள் நாம். அந்த வெண்கலக்கமே குளோரைட்டின் அடையாளம். அதனை நினைவிற்கொண்டு நீரை முதலிற் கேளுங்கள்; உலோகத்தைப் பின்னர்க் கேளுங்கள்.