சாலியின் சட்டையும் அம்மாட வெட்டுத்துண்டுகளும்

போன மாதம் எங்கட பீடத்தில ஒரு நிகழ்வு. பிடிச்ச படத்தில வாற ஒரு பாத்திரமா வெளிக்கிட்டுக்கொண்டு வரவேணும். பற்ச்சில கனபேர் ஒன்லைனில ஓடர் போட்டிச்சினம். என்னட்ட அதுக்குக் காசில்லை. ஆனா அம்மா தைக்கிறவ. வீட்டில வெட்டுத்துண்டுக்கு எப்பவுமே பஞ்சமில்லை. அதால நான் சாலியைத் தெரிவு செய்தன்.

தெரியாதவைக்குச் சொல்லுறன். 1993 இல் வந்த ‘த நைட்மேர் பிஃபோர் கிறிஸ்மஸ்’ படத்தில வாற துணிப்பொம்மைதான் சாலி. டிம் பேர்ட்டனின் கதை, ஹென்றி செலிக்கின் இயக்கம். பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திப் படம்பிடிச்ச ஸ்டொப் மோஷன் படம். சாலி முழுக்க முழுக்கத் தையலால ஆனவள். உடம்புக்குள்ள காய்ஞ்ச இலை. கையும் முகமும் எல்லாம் தையல் கோடு. சட்டை கூட ஒண்டோடொண்டு பொருந்தாத துண்டுகளை ஒட்டித் தைச்சதுதான். கை கழண்டு விழுந்தா அவளே ஊசியும் நூலும் எடுத்துத் திருப்பித் தைச்சுக்கொள்ளுவாள். பழைய துணியில ஒரு வேஷம் தைக்கிறதெண்டா இவளை விடப் பொருத்தமான ஆள் ஆர்?

தைக்கத் தொடங்கினாப் பிறகுதான் அது லேசில்லை எண்டு விளங்கினது. முதல் நாள் துண்டுகளை நேரடியா ஒண்டோட ஒண்டு மூட்டினன். எல்லாம் சுருங்கி, ஒரு பக்கம் இழுபட்டுப் போச்சு. அம்மா பார்த்திட்டுச் சிரிச்சா. “இழுபடுற துணியையும் இழுபடாத துணியையும் ஒண்டாப் போட்டா வேற என்ன பிள்ளை நடக்கும்?” எண்டு கேட்டா. பிறகு அவ சொன்னபடி செய்தன். பருத்தித் துண்டுகளை முதல்லயே கழுவிக் காயவிட்டன். இல்லாட்டி பிறகு அது மட்டும் சுருங்கும். ஒரு பழைய படுக்கை விரிப்பை அடித்துணியா விரிச்சு, அதுக்கு மேல துண்டுகளை அடுக்கித் தைச்சு, முதல்ல ஒரு முழுத்துணியா ஆக்கினன். அதுக்குப் பிறகுதான் அளவு வைச்சு வெட்டினது. ஒவ்வொரு மூட்டையும் தைச்ச உடன அயன் பண்ண வேணும். கடைசியா, வெளியில தெரியிற மாதிரி கறுப்பு நூலால பெரிய பெரிய கைத்தையல். காசு குடுத்து வாங்கினது ஒரு சிப்பும் ரெண்டு கறுப்பு நூல்கட்டையும் மட்டும்தான்.

நிகழ்வில நல்ல வரவேற்பு. “என்ன கிரியேட்டிவ்!” எண்டாங்கள். “சூழலுக்கு நல்லது” எண்டு ஒரு விரிவுரையாளரும் பாராட்டினா. படத்தைப் போட்டு, கீழ “நானே தைச்சது” எண்டு எழுதினன்.

அண்டிரவு நித்திரை வரேல்லை. அஞ்சாம் வகுப்பு ஞாபகம் வந்தது.

ஒரு சிநேகிதியின் பிறந்தநாளுக்குப் போக என்னட்ட புதுச் சட்டை இல்லை. அம்மா மிஞ்சின துண்டுகளை ஒட்டி ஒண்டு தைச்சுத் தந்தவ. பிளவுஸ் தைச்சு மிஞ்சுற துணியை அம்மா சுருட்டி உரியவையிட்டயே குடுத்திடுவா. “எங்களுக்கு எதுக்கு, வைச்சிருங்கோ” எண்டு விட்டிட்டுப் போனவையின்ர துண்டுகள்தான் அவவின்ர பையில சேரும். அண்டைக்கு எல்லாற்ற முன்னாலயும் அந்தப் பிள்ளை, “இது எங்கட அம்மாட துணியெல்லோ” எண்டு கேட்டிட்டாள். பிழையா ஒண்டும் கேக்கேல்லை. ஆனா அந்தச் சட்டையை நான் திரும்பப் போடவே இல்லை. ஏனெண்டு அம்மாவும் கேக்கேல்லை.

அதே பை. அதே மெசின். அதே மாதிரித் துண்டுகள். அப்ப அதுக்குப் பேர் ஏழ்மை. இப்ப அதுக்குப் பேர் கலை. என்ன மாறினது? தைக்கிற விதம் மாறேல்லை. தைச்ச கையும் அதைப் பார்க்கிற கண்ணும்தான் மாறினது. வேற வழியில்லாமல் ஒட்டுப்போட்டால் இரங்குகிறோம். விரும்பி ஒட்டுப்போட்டால் கைதட்டுகிறோம். இதை நாங்கள் யோசிக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

படங்களையே பாருங்கள். 1939 இல் வந்த ‘கோன் வித் த விண்ட்’ படத்தில், போரில் எல்லாம் இழந்த ஸ்கார்லெட் பச்சை வெல்வெட் திரைச்சீலையைக் கழற்றிச் சட்டையாக்குகிறாள். உடையமைப்பாளர் வோல்டர் பிளங்கெட் வடிவமைத்த அந்தச் சட்டை இன்று டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹரி ரான்சம் மையத்தில் பாதுகாக்கப்படுகிறது. ஆனால் படத்தில் சட்டைத் தையலுக்கான அளவுப்பெட்டியை எடுத்துவா என்று ஸ்கார்லெட் சொல்வது, அந்த வீட்டில் அடிமையாக இருந்த கறுப்பினப் பெண்ணான மேமியிடம். இவ்வளவு காலமும் அந்தச் சட்டையை ‘ஸ்கார்லெட்டின் சட்டை’ என்றுதான் சொல்கிறோம்.

சாலியின் கதையும் அப்படித்தான். ஜாக் கிறிஸ்மஸ் தாத்தாவாகப் போக ஆசைப்படும்போது, அவனுக்கான சிவப்பு உடுப்பைத் தைக்கிறவள் சாலி. இது பிழையாகப் போகும் என்றும் சொல்லிப் பார்க்கிறாள். அவளுடைய தையல் அவனுக்குத் தேவை, அவளுடைய சொல் தேவையில்லை. சின்ன வயதில் பார்த்தபோது இது எனக்கு விளங்கவே இல்லை.

“கொஸ்டியூம் போடுறது ஒரு சந்தோசத்துக்கு, அதுக்குள்ள ஏன் இவ்வளவு அரசியல்?” எண்டு ஒரு நண்பன் கேட்டான். வாங்கிப் போடுறவை மேல எனக்குக் கோபமில்லை. எல்லாருக்கும் நேரமும் மெசினும் இருக்கிறதில்லை. ஆனா வாங்கினதையும் ஆரோ ஒராள் தைச்சதுதான். இந்த நாட்டில ஆயிரக்கணக்கான பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளில தைக்கினம். எங்கட ஊர்களில இருந்தும் ஒவ்வொரு நாளும் பஸ் ஏறிப் போகினம். அவையை நாங்கள் ஒருநாளும் ‘கிரியேட்டிவ்’ எண்டு சொன்னதில்லை.

இன்னொண்டையும் சொல்லவேணும். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோதும் எங்கட வீட்டில நிக்காம ஓடினது அம்மாட கால்மெசின். அந்தக் காசிலதான் நான் ரியூசன் போனன். மிஞ்சின துணியில சட்டை தைக்கிறது அவவுக்கு ஒருநாளும் பொழுதுபோக்கா இருக்கேல்லை.

உண்மை என்னெண்டா, “நானே தைச்சது” எண்டு நான் எழுதினது பாதிப் பொய். கழுத்தும் சிப்பும் எனக்குச் சரிவரேல்லை. நிகழ்வுக்கு முதல் நாள் ராத்திரி, ஒரு கலியாண பிளவுஸை ஒதுக்கி வைச்சிட்டு அம்மாதான் அதைத் தைச்சுத் தந்தவ. அந்த வேலைக்கு வேற ஆக்களெண்டா காசு வாங்கியிருப்பா.

அடுத்த நாள் படத்துக்குக் கீழ இருந்ததை மாத்தி எழுதினன்: துண்டுகளைப் பொருத்தினது நான், கழுத்தும் சிப்பும் தைச்சது அம்மா. உங்களிட்டயும் நான் கேக்கிறது இவ்வளவுதான். உங்கட கொஸ்டியூமை, நாடக உடுப்பை, சோஷல் சாறி பிளவுஸை ஆர் தைச்சதெண்டு பேர் போடுங்கோ. ஏலுமெண்டா காசும் குடுங்கோ, அது அம்மாவா இருந்தாலும்.

மாத்தினதை அம்மாட்டக் காட்டினன். அவ எழுத்தைப் பெரிசாக் கவனிக்கேல்லை. படத்தைப் பெரிசாக்கி ஒவ்வொரு துண்டா விரல் வைச்சுக் காட்டினா. “இது முன்வீட்டு அன்ரிட கலியாணத்துக்குத் தைச்சது. இந்த மஞ்சள் சங்கீத ரீச்சரிட. இந்தப் பூப்போட்டது…” எண்டு கொஞ்சம் நிப்பாட்டினா.

“இது உன்ர அந்தப் பிறந்தநாள் சட்டை. கழட்டி வைச்சிருந்தனான்.”