இடமாறுதல் தண்டனையா?



ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் தொடக்க, நடுநிலை வகுப்பு ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் 'டெட்' எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறாவிட்டால் வேலை போகும் என்று 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

என் மகன் படித்த அரசுப் பள்ளியில் பிள்ளைகளை எழுத்துக் கூட்டிப் படிக்க வைத்த டீச்சர் இப்போது இரவெல்லாம் கண்விழித்துப் படிக்கிறார். செல்போனிலேயே பொழுதைக் கழித்த இன்னொரு ஆசிரியரோ தேர்வில் தேறினால் போதும், தப்பித்துவிடுவார்.

பாடம் நடத்தாதவருக்கு ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஆ)-இன்படி குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து, விசாரித்து, பணிநீக்கம் வரை போக விதி ஏற்கெனவே இருக்கிறது. அந்தச் செல்போன் ஆசிரியர் மீது பெற்றோர் நாங்கள் புகார் கொடுத்தோம். அவருக்குக் கிடைத்தது இடமாறுதல்தான். அவர் மாறிப்போன ஊர்ப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

கல்வி அலுவலர்கள் வகுப்பறைக்குள் உட்கார்ந்து பார்த்து நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்.

- ஒரு தாய், பொள்ளாச்சி வட்டம்